தற்குறி முதல் ஆதார் வரை

(முன்னாள் மாணவர், மின்னணுவியல் – தகவல் தொடர்பியல் துறை, 2007–2011)

மலர்க் குழுவிலிருந்து நண்பன் போன் செய்தான். "சரித்திரக் கட்டுரை ஒண்ணு வேணும். நீதான் படிக்கிற காலத்திலேயே பழைய கல்வெட்டு, பழைய பத்திரம்னு அலைவே. எழுதிக் கொடு" என்றான். எதைப் பற்றி எழுதுவது என்று கேட்டேன். "உன் பேர்ல எவனோ கடன் வாங்கினானே, அந்த மாதிரி திருட்டைப் பத்தி எழுது. அதுக்கும் ஒரு சரித்திரம் இருக்கும்ல?" என்றான்.

தேடிப் பார்த்தேன், இருக்கிறது. பெரிய சரித்திரமே இருக்கிறது. அதில் நம் ராமநாதபுரம் கடற்கரைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வாசக நண்பர்களும், இப்போது படிக்கும் தம்பி தங்கைகளும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். கடைசியில் நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கையும் வைத்திருக்கிறேன்.

எனக்கு நடந்தது

2021-ல் வீட்டுக் கடனுக்காக ஒரு வங்கிக்குப் போனேன். மேலாளர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், உங்க பேர்ல ஏற்கெனவே ரெண்டு கடன் கட்டாம நிக்குதே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வாழ்நாளில் கைமாத்துகூட வாங்கியவன் இல்லை. பெயர் என் பெயர்தான், பான் எண்ணும் என்னுடையதுதான். ஆனால் முகவரி நான் மிதித்தே பார்க்காத வேறு மாநிலத்து ஊர். போன் நம்பர் யாருடையதோ. இரண்டு கடனும் சேர்த்து 34 ஆயிரம் ரூபாய்.

புகார் கொடுத்து, பல கடிதம் எழுதிய பிறகு, கடன் கொடுத்தவர்கள் தங்களிடம் இருந்த ஆவணத்தை அனுப்பினார்கள். என் பான் அட்டையின் ஜெராக்ஸ். அதன் கீழே நானே போட்ட கையெழுத்து. பக்கத்தில் நானே எழுதிய தேதி: 2011-ஆம் வருடம், மார்ச் மாதம். கடைசி செமஸ்டரில், கோட்டையும் டையையும் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஊர் ஊராக வேலைவாய்ப்பு முகாம்களுக்குப் போனோமே, அந்த நாள்! எந்த மேஜையில் கொடுத்தேன், எந்தக் கடையில் பிரதி எடுத்தேன், யார் கை மாறியது என்று எதுவும் எனக்கு நினைவில்லை. ஒரு தாள் பத்து வருடம் எங்கேயோ தூங்கிவிட்டு, எழுந்து வந்து என் பெயரில் கடன் வாங்கியிருக்கிறது.

பெயரைத் துடைக்க எட்டு மாதம் ஆயிற்று. ஒரு நாள் முத்திரைத் தாளில் ஓர் உறுதிமொழி எழுதி நோட்டரி முன் கையெழுத்துப் போட்டேன். அதன் சாரம், இன்னாரின் மகனாகிய நான் நானேதான், அந்தக் கடனை வாங்கியவன் நான் அல்ல என்பது. வீட்டுக்கு வந்து உம்மாவிடம் காட்டினேன். "நீ நீதான்னு சொல்லவா காசு கொடுத்துப் பத்திரம் வாங்குனே?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது.

சாட்சி இருந்த காலம்

எங்கள் ஊர் ஏர்வாடி. தமிழ்நாட்டில் ஏர்வாடி இரண்டு உண்டு. திருநெல்வேலி மாவட்டத்தில் ஒன்று, ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்களுடையது. வெளியூரில் பெயரைச் சொன்னால் "எந்த ஏர்வாடி?" என்று கேட்பார்கள். "தர்கா ஏர்வாடி" என்போம். ஊருக்கே இப்படி ஓர் அடையாளச் சிக்கல்!

ஊருக்குள்ளேயோ யாரும் பெயரைக் கேட்பதில்லை. பெரியவர்கள் முகத்தைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். வாப்பா பெயரைச் சொன்னால், "ஓ, அவன் மவனா!" என்பார்கள். அதோடு விசாரணை முடிந்தது. அட்டையும் எண்ணும் தேவைப்படவில்லை. நம்மை அறிந்த பத்துப் பேர் இருந்தார்கள், அதுவே அத்தாட்சி.

பழைய தமிழ்நாட்டில் ஆவணங்களும் இப்படித்தான் நடந்தன. சோழர் காலக் கல்வெட்டுகளின் கடைசியில் "இவை இன்னார் எழுத்து" என்று சம்மதித்தவர்களின், சாட்சிகளின் கையெழுத்து வரிசையாக வரும். எழுதத் தெரியாதவர் ஒரு குறி போடுவார். அதற்குத் தற்குறி என்று பெயர். அந்தக் குறி அவருடையதுதான் என்று எழுதத் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுவார். இன்று "அவன் ஒரு தற்குறி" என்று திட்டுகிறோமே, அந்தச் சொல் இங்கிருந்து வந்ததுதான். தற்குறி போட்டவர் தனியாக விடப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். "இவரை நான் அறிவேன்" என்று சொல்ல ஓர் ஆள் அவர் பக்கத்தில் நின்றார்.

அப்படிச் சொல்ல ஆள் இல்லாதபோது என்ன ஆகும் என்பதையும் எங்கள் ஊர் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலை, ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கெங்கிருந்தோ உறவினர்கள் கொண்டுவந்து விட்டுப்போன மனிதர்கள் அவர்கள். கருகிய உடல்களில் யார் எவர் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. ஒரு வாரத்தில் அரசு அந்தக் காப்பகங்களை மூடியது. அங்கிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. இதை அடையாளத் திருட்டு என்று நான் சொல்லவில்லை. ஒரு மனிதனின் பெயர் அவன் வாயில் மட்டும் இருந்தால் போதாது, அதை நம்பிச் சொல்ல இன்னொரு வாயும் வேண்டும் என்பதை எனக்கு முதலில் காட்டியது அந்தக் காலைப் பொழுதுதான்.

விரல் நுனிக்கு வந்த அத்தாட்சி

வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்தச் சாட்சி முறைக்குச் சோதனை வந்தது. ஊர்க்காரரை ஊர்க்காரர் அறிவார், கலெக்டருக்கு எப்படித் தெரியும்? 1858-ல் வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்ற இடத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குச் சரளை சப்ளை செய்ய ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் ஒப்பந்தத் தாளின் பின்பக்கம் உள்ளங்கையை மையில் தோய்த்துப் பதிக்கச் சொன்னார். பிற்பாடு "கையெழுத்து என்னுடையது இல்லை" என்று சொல்லாதிருக்கத்தான் அந்த ஏற்பாடு. விளையாட்டாக ஆரம்பித்தது வினையமான ஆராய்ச்சி ஆயிற்று. 1877-ல் ஹூக்ளி மாஜிஸ்ட்ரேட்டாக இருந்தபோது, ஓய்வூதியம் வாங்குபவர்களிடமும் பத்திரம் பதிபவர்களிடமும் விரல் ரேகை வாங்கத் தொடங்கினார். ஓய்வூதியக்காரர் இறந்த பிறகும் வேறு ஆள் வந்து அவர் பெயரில் பணம் வாங்கிப்போவது அந்நாளில் ஒரு தொல்லை. நூற்றைம்பது வருடம் ஆகப்போகிறது, அந்தத் தொல்லை இன்னும் தீர்ந்தபாடில்லை!

1897-ல் கல்கத்தாவில் ரேகைப் பதிவுக் கூடம் ஏற்பட்டது. உலகத்தின் முதல் ரேகைக் கூடங்களில் அதுவும் ஒன்று. ஆயிரக்கணக்கான ரேகைகளைப் பிரித்து அடுக்கும் முறையை வகுப்பதில் அஜீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு பெரிது. பெயர் என்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போயிற்று. அடையாளத்தைக் காக்கும் முறையிலேயே அடையாளம் பறிபோன கதை என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

சட்டமும் பின்தங்கவில்லை. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 416-வது பிரிவே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைக் குற்றம் என்றது. ஆக இது கம்ப்யூட்டர் கொண்டுவந்த நோய் இல்லை. பழைய நோய்தான், பரவும் வேகம் மட்டும் புதிது.

கழுத்தில் தொங்கிய தகரம்

ஏர்வாடியிலிருந்து கடலோரமாகக் கிழக்கே போனால் மண்டபம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியபின், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன லட்சக்கணக்கான தமிழர்கள் மண்டபம் முகாமில் தங்கி, நோய்ச் சோதனை முடிந்துதான் கப்பல் ஏறினார்கள். அவர்களுக்கு ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அதில் குத்தியிருக்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் வழிச்செலவெல்லாம் தோட்டத்தின் கணக்கு. பின்னால் அது அவர்கள் தலையில் கடனாக ஏறும். பெயர் கேட்பார் கிடையாது, வில்லைதான் ஆள்.

தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக 'துண்டு' என்று ஒரு சீட்டு வேண்டும். அதில் அந்தத் தொழிலாளி எவ்வளவு கடன் பாக்கி என்று எழுதியிருக்கும். சீட்டு அவர் கையில் இருக்காது, கங்காணி கையில் இருக்கும். 1921-ல்தான் இந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

அடுத்து வந்தது பெரிய இடி. 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949-ல் வந்த இன்னொரு சட்டம், கல்யாணம் ஆனவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் இடைவிடாமல் அங்கே வசித்ததற்கு அத்தாட்சி காட்டினால் குடியுரிமை உண்டு என்றது. லயத்து வீட்டில், மற்றவன் கையில் சீட்டைக் கொடுத்துவிட்டு வாழ்ந்தவர்கள் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்? பெரும்பாலோரின் மனு தள்ளுபடி ஆயிற்று. 1964 அக்டோபரில் சிறீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது, 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் பெரும்பாலோரை இரண்டு நாடுகளும் கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொண்டன. திரும்பி வந்தவர்கள் இறங்கிய கரையும் நம் ராமேஸ்வரம்தான்.

இதைத் திருட்டுக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்கலாம். எவனோ ஒருவன் ராத்திரியில் வந்து திருடவில்லை, உண்மைதான். ஆனால் ஒருவரின் அடையாளக் காகிதம் அவர் கையில் இல்லாமல் இன்னொருவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் நம் கரையில் இல்லை.

உயிரோடு இருந்த இறந்தவர்

பணக்காரனுக்கு இப்படி நடந்தால் எப்படியோ சமாளிப்பான் என்று நினைப்போம். அவனும் படாத பாடு பட்டிருக்கிறான். கிழக்கு வங்காளத்தில் பாவல் என்ற ஜமீனின் இரண்டாவது குமாரர் 1909-ல் டார்ஜிலிங்கில் இறந்துவிட்டார் என்றார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து டாக்காவில் ஒரு சந்நியாசி தோன்றினார், அவர்தான் குமாரர் என்று ஜனங்கள் சொன்னார்கள். 1930-ல் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டில் 1936-ல் வென்றார், ஹைகோர்ட்டில் 1940-ல் வென்றார், லண்டன் பிரிவி கவுன்சிலில் 1946-ல் வென்றார். அந்தத் தீர்ப்பு வந்த சில நாட்களில் இறந்துபோனார். அவர் நிஜமா போலியா என்று இன்றைக்கும் வாதம் செய்கிறவர்கள் உண்டு.

ஏழைக்கு நடந்ததைச் சொல்கிறேன். உத்தரப் பிரதேசத்தில் ஆசம்கர் மாவட்டத்து விவசாயி லால் பிஹாரி. எழுபதுகளில் ஒரு கடனுக்காக அலுவலகம் போனவருக்கு, ரிக்கார்டுப்படி நீ செத்துவிட்டாய் என்று பதில் வந்தது. நிலத்துக்கு ஆசைப்பட்ட சொந்தச் சித்தப்பா, வருவாய்க் கணக்கில் அவரை இறந்தவர் என்று எழுத வைத்திருந்தார். உயிரோடு எதிரே நின்று பேசுகிறவரை, "நீ செத்தவன்" என்று சொல்லும் குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள்! லால் பிஹாரி தன் பெயரோடு 'மிருதக்', அதாவது இறந்தவர், என்று சேர்த்துக்கொண்டார். அரசாங்கக் காகிதத்தில் தன் பெயர் எப்படியாவது ஏறவேண்டும் என்பதற்காக ராஜீவ் காந்தியை எதிர்த்து 1989-ல் தேர்தலில்கூட நின்றார். தன்னைப் போன்றவர்களைச் சேர்த்து 'இறந்தவர்கள் சங்கம்' வைத்தார். அவரை மறுபடி உயிருள்ளவர் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1994-ல்தான்.

இரண்டு கதையிலும் ஒன்றைக் கவனியுங்கள். திருடியவன் எதையும் நிரூபிக்கவில்லை. பறிகொடுத்தவன்தான் வருடக்கணக்கில் நிரூபித்துக்கொண்டிருந்தான். அடையாளத் திருட்டின் உண்மையான கொடுமை பணம் போவதில் இல்லை. "நீ நீதானா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பாரம் முழுவதும் ஏமாந்தவன் முதுகில் ஏறுகிறதே, அதுதான்.

ஒரு பர்ஸும் நாற்பதாயிரம் பேரும்

அமெரிக்காவில் 1936-லிருந்து சமூகப் பாதுகாப்பு எண் கொடுத்தார்கள். 1938-ல் ஒரு பர்ஸ் கம்பெனி, இந்தப் பர்ஸில் உங்கள் அட்டை எப்படி அடங்கும் பாருங்கள் என்று காட்ட ஒவ்வொரு பர்ஸிலும் ஒரு மாதிரி அட்டையை வைத்து விற்றது. அதில் அச்சிட்டது கம்பெனி அதிகாரியின் காரியதரிசிப் பெண்ணின் நிஜமான எண்! வாங்கிய ஜனங்களில் பலர் அதைத் தங்கள் எண் என்றே நினைத்து எழுதத் தொடங்கினார்கள். 1943-ல் மட்டும் 5,755 பேர் அந்த எண்ணைப் பயன்படுத்தினார்கள். வருடங்களில் மொத்தம் நாற்பதாயிரத்துக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் திருடர்கள் கிடையாது. கடைசியில் அந்தப் பெண்ணுக்குப் புது எண் கொடுக்க வேண்டியதாயிற்று. எண்ணை அறிந்தவனெல்லாம் எண்ணுக்கு உரியவன் என்று எடுத்துக்கொண்டால் இதுதான் கதி. அந்த நாடு அடையாளத் திருட்டைத் தனிக் குற்றமாக்கித் தேசியச் சட்டம் போட்டது 1998-ல்.

நம் மாவட்டத்துக்கு வந்த பெயர்

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இது தெரிந்திருக்கும். 2019 செப்டம்பர் 1-ஆம் தேதி நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 தேர்வில், எங்கெங்கோ உள்ளவர்கள் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களைத் தேர்ந்தெடுத்து எழுதி, முன்வரிசை இடங்களைப் பிடித்தார்கள். சந்தேகம் வந்து விசாரித்தபோது, கொஞ்ச நேரத்தில் அழிந்துபோகும் மையால் விடை குறித்துவிட்டு, வழியில் வேறு ஆட்கள் சரியான விடையைக் குறித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. 2020 ஜனவரியில் 99 பேருக்குத் தேர்வாணையம் வாழ்நாள் தடை விதித்தது. அதே 2019-ல்தான், நீட் தேர்வை வேறொருவரை வைத்து எழுதித் தேனி மருத்துவக் கல்லூரியில் மாணவர் சேர்ந்த விவகாரமும் வெளியே வந்தது.

இந்த விவகாரங்களில் பெயரை வாடகைக்கு விட்டவனே கூட்டாளி. நட்டப்பட்டது அந்த வேலைக்கு, அந்த ஸீட்டுக்கு நியாயமாக உரியவன். அவன் யாரென்று அவனுக்கே தெரியாது. இன்று "உன் பாங்க் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் கொடு, மாசம் இவ்வளவு தர்றேன்" என்று மாணவர்களிடம் வருகிறார்களே, அதுவும் இதே ஜாதிதான். ஏமாற்றிய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

ரேகை திரும்பி வந்த கதை

2010 செப்டம்பர் 29-ல் மகாராஷ்டிரத்தின் தெம்ப்ளி கிராமத்தில் முதல் ஆதார் எண் கொடுக்கப்பட்டது. ஹெர்ஷல் ஆரம்பித்த வேலை நாடு முழுவதற்கும் வந்தது. பாங்க் இல்லாத ஊரிலும் ஆதார் எண்ணைச் சொல்லி, ஒரு சிறு கருவியில் விரலை வைத்தால் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். வயதானவர்களுக்கு இது பெரிய வரம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் 2018-ல் தெலங்கானாவில் சிம் கார்டு விற்ற ஒருவர் பிடிபட்டார். அவர் செய்தது என்ன தெரியுமா? இணையத்தில் கிடைத்த நிலப் பத்திரங்களின் பிரதிகளிலிருந்து விரல் ரேகைகளை எடுத்து, ரப்பரில் அச்சுச் செய்து, அந்த ஆட்களின் பெயரில் சிம் கார்டு இயக்கியிருந்தார். பின்னாளில் பல மாநிலங்களில் இதே வழியில் வங்கிப் பணமும் போனது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்கத்தான் அன்று ஹெர்ஷல் பத்திரத்தில் ரேகை வாங்கினார். அந்தப் பத்திரத்து ரேகையே ஆள்மாறாட்டத்துக்கு அச்சாகிவிட்டது! பாஸ்வேர்டு போனால் மாற்றலாம், விரலை எப்படி மாற்றுவது? கருவியில் வைத்தது உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் கூடுதல் சோதனையை ஆதார் ஆணையம் 2023-ல் கொண்டுவந்தது.

இதற்கு ரப்பர் அச்சுகூடத் தேவையில்லை. சின்ன ஏர்வாடியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, கடல்பாசி எடுக்கப் போகிறவர். பாறை கிழிக்காமல் விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி முங்கிப் பாசி பறித்த கை. ரேகை தேய்ந்து போயிருக்கும். நூறு நாள் வேலைக் கூலியை எடுக்க, கருவி வைத்திருந்த ஒருவரிடம் போயிருக்கிறார். "ரேகை விழலைக்கா, இன்னொரு தடவை வைங்க" என்று மூன்று தடவை வைக்கச் சொல்லி, ஆயிரம் ரூபாய் கையில் கொடுத்திருக்கிறார் அந்த ஆள். பாஸ்புக்கைப் பார்த்தால் மூன்று ஆயிரம் குறைந்திருந்தது. அந்த ஆள் அதன்பின் அந்தப் பக்கமே வரவில்லை. வங்கியில் கேட்டதற்கு, "உங்க விரல்தானேம்மா வச்சிருக்கு?" என்றார்களாம். உண்மைதான். அவர் விரல்தான்.

நான் ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவன். லீவு போட வசதி உள்ளவன். எனக்கு எட்டு மாதத்தில் பெயர் திரும்பியது. அந்த அக்காவுக்கு இரண்டாயிரம் ரூபாய் இன்று வரை திரும்பவில்லை. சாதாரண மக்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று கேட்டால், என் பதில் இதுதான். போகும் தொகை பெரும்பாலும் சின்னது. ஆனால் எழுத்தும் நேரமும் ஆள்பலமும் இல்லாதவருக்கு அது போனது போனதுதான்.

என்ன செய்யலாம்?

சட்டம் இருக்கிறது. 2008-ல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு, அடுத்தவரின் மின்னணுக் கையெழுத்தையோ பாஸ்வேர்டையோ வேறு தனி அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-வது பிரிவு ஆள்மாறாட்ட மோசடிக்கு ஐந்தாண்டு வரை என்கிறது. ஆனால் சட்டம் வருவது திருட்டுக்குப் பின்னால். முன்னால் நாம் செய்யக்கூடியவை சில:

ஜெராக்ஸ் கொடுக்கும்போது, எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று பிரதியின் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 2011-ல் நான் தேதி போட்டேன், காரணம் எழுதவில்லை. எழுதியிருந்தால் இந்தக் கட்டுரை வந்திருக்காது! ஆதாரில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்புப் பிரதி கிடைக்கிறது. பெரும்பாலான இடங்களுக்கு அதுவே போதும். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் ஓர் அலுவலகம் பிரதியைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில் அது வாபஸ் ஆனது. வாபஸ் ஆனாலும் யோசனை நல்ல யோசனைதான்.

கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு தடவை உங்கள் முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும். வாங்கிப் பாருங்கள். தவறைச் சொல்லி 30 நாளில் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நட்ட ஈடு என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று 2023-ல் வந்த சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். பணம் போனால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால், வெளியாள் செய்த மோசடியில் உங்கள் தவறு இல்லாதபோது பொறுப்பு உங்களுடையது ஆகாது என்று 2017-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

ஆதார் ரேகையைப் பூட்டி வைக்கவும் முடியும். அந்தப் பாசி அக்காவிடம் இதைச் சொன்னேன். "பூட்டிட்டா நூறு நாள் காசை நான் எப்புடித் தம்பி எடுக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எடுக்கும் முன் போனில் திறக்க வேண்டும், எடுத்ததும் பூட்ட வேண்டும். அவருக்குப் போன் பார்க்கத் தெரியாது. பிளஸ் டூ படிக்கும் மகளுக்குத் தெரியும். இப்போது அம்மா காசு எடுக்கப் போகும்போது மகளும் கூடப் போகிறாள். ஒவ்வொரு தடவையும், "எத்தனை ரூபாய்? துண்டுச் சீட்டு கொடுங்க" என்று கேட்கிறாள். அந்தக் காலத்தில் தற்குறிக்குப் பக்கத்தில் நின்றாரே ஓர் ஆள், அவர் திரும்பி வந்துவிட்டார்!

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை

நான் முதலாண்டு முடித்த சமயத்தில் வந்த நம் சங்க மலர் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கங்களில் அணி வாரியாக எல்லோரின் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, வீட்டு முகவரி, போன் நம்பர். அந்தப் பட்டியல் எனக்கு உதவியிருக்கிறது. நம்மோடு படித்த ஒரு நண்பன் வெளிநாட்டில் காலமானபோது, அவன் வீட்டைத் தேடிப் போய் அவன் தாயாரைப் பார்க்க முடிந்தது அந்த முகவரியால்தான். ஆகவே அந்தப் பக்கங்களே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒருவன் பெயரில் கடன் வாங்க விரும்புகிறவனுக்கு வேண்டிய எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. இந்த மலரில் பெயர், துறை, அணி, ஊர் மட்டும் அச்சிடுங்கள். மற்றவை சங்கச் செயலாளரின் நோட்டில் பத்திரமாக இருக்கட்டும். கேட்பவரை அறிந்து கொடுக்கலாம். ரூம் போட வேண்டும் என்று ஆதார் பிரதியைக் குரூப்பில் போடச் சொல்லும் பழக்கத்தையும் நிறுத்துவோம்.

சந்திப்பு நாளன்று சாப்பாட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். ரேகையைப் பூட்ட, சிம் கணக்குப் பார்க்க, கடன் அறிக்கை எடுக்க யாருக்குத் தெரியவில்லையோ, உங்கள் போனோடு வாருங்கள். உங்கள் ஊரில் இருக்கும் வயதான தாய் தகப்பனுக்கு எப்படிச் செய்து கொடுப்பது என்றும் காட்டுகிறேன். இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் நாலு பேர் கூட உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

"நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று எங்கள் ஊரில் கேட்பார்கள் என்றேன் அல்லவா? நான் இந்தக் கல்லூரிப் பிள்ளை. என்னை அறிந்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள். அந்த அத்தாட்சியை எவனாலும் ஜெராக்ஸ் எடுக்க முடியாது. நேரில் சந்திப்போம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!